கரை சொன்னவள்

ஒரு கேன் ஏரித்தண்ணீரைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறச் சொன்னால் யாருக்குத்தான் கோபம் வராது. அதுவும் காணும் பொங்கல் அன்றைக்கு. பழவேற்காட்டிலிருந்து பொன்னேரி போகிற பஸ்ஸில் புதுப்புடவையும் கதம்பப் பூவுமாக ஊரே ஏறி நின்றது. நடுவில் ஜமுனா. அவள் காலிடுக்கில் மஞ்சள் நிற எண்ணெய் கேன், அதில் கழுத்துவரை தண்ணீர். மூடி சரியில்லை. பஸ் பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் கேன் ஒரு வாய் துப்பியது. அந்தத் தண்ணீருக்கு இறாலும் சேறும் கலந்த ஒரு நாற்றம் உண்டு என்பதே, பக்கத்தில் நின்றவள் மூக்கைப் பொத்திய பிறகுதான் ஜமுனாவுக்குத் தெரிந்தது. பிறந்ததிலிருந்து அதையே மூச்சாக விட்டவளுக்கு எப்படித் தெரியும்.

கேட்டது தம்பி விமல். போனில் வேறெதுவும் பேசவில்லை. அம்மா எப்படி இருக்கிறாள், பொங்கலுக்குத் துணி எடுத்தீர்களா, ஒன்றும் இல்லை. "நம்ம தொறைத் தண்ணி ஒரு கேன் எடுத்துக்கினு வாக்கா. நீயே வா. அம்மாவ அனுப்பாத," என்றான். எதற்கு என்றாள். வந்தால் சொல்கிறேன் என்று வைத்துவிட்டான்.

தண்ணீர் கேட்காவிட்டாலும் அவள் போயிருப்பாள். மறுநாள் காலையில் சீட்டு.

ஜமுனாவின் ஊரான திட்டுக்குப்பத்தில் நினைத்தவன் நினைத்த இடத்தில் வலை கட்ட முடியாது. ஏரியில் இறால் ஓடுகிற தடம் எதெது என்று தலைமுறையாக வகுத்து வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு தடமும் ஒரு பாடு. எந்த வீட்டுக்கு எந்தப் பாடு என்பதைக் காணும் பொங்கலுக்கு மறுநாள் கோயில் வாசலில் சீட்டுப் போட்டு முடிவு செய்வார்கள். சீட்டை எடுக்க அந்த வீட்டு ஆண்பிள்ளை நேரில் நிற்க வேண்டும். நிற்காத வீட்டுக்கு அந்த வருஷம் ஏரி இல்லை. அடுத்த வருஷமும் நிற்காவிட்டால் எப்போதைக்குமே இல்லை. நைனா தருமலிங்கம் இறந்த பிறகு வீட்டில் இருக்கிற ஒரே ஆண் விமல். போன வருஷம் காட்டுப்பள்ளிப் பக்கம் கூலி வேலைக்குப் போனவன் சீட்டுக்கு வராமல் விட்டான். இந்த வருஷமும் விட்டால் கதை முடிந்தது.

நான் நிற்கிறேன் என்று ஜமுனா ஊர்க்கூட்டத்தில் கேட்டுப் பார்த்தாள். பெரியவர்கள் சிரித்தார்கள். ஆபீசில் உட்கார வேண்டியவளுக்கு எதற்கம்மா சேறு என்றார் ஒருவர், பாராட்டுகிற மாதிரி. குப்பத்திலேயே பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள். பி.எஸ்சி. வேதியியல். அந்தப் பட்டத்துக்குப் பொன்னேரியில் ஒரு ஜெராக்ஸ் கடையில் அடுத்தவர்களுக்கு விண்ணப்பம் தட்டிக்கொடுக்கிற வேலை கிடைத்திருந்தது. பத்தாவதைத் தாண்டாத விமல் வந்து கையை நீட்டினால் ஏரி கிடைக்கும். அவள் நீட்டினால் சிரிப்பு கிடைக்கும். நினைத்தாலே பற்றிக்கொண்டு வந்தது.

திருப்பாலைவனம் நிறுத்தத்தில் டிரைவர் போட்ட பிரேக்கில் கேன் சாய்ந்து மூடி தெறித்தது. எதிரே நின்ற பெண்ணின் பட்டுப்புடவை முழங்கால்வரை நனைந்தது. அவள் வயல்காரர் வீட்டுப் பெண். நல்ல நாளும் அதுவுமாக மீன் கழுவிய தண்ணீரை மேலே ஊற்றுகிறாயே என்று ஆரம்பித்து, குப்பத்து ஆட்களை ஏற்றினாலே இப்படித்தான் என்று முடித்தாள்.

"மீன் கழுவுன தண்ணி இல்லீங்க. நீங்க வாரா வாரம் வாங்கித் துன்ற எறா இருந்த தண்ணி," என்றாள் ஜமுனா.

பஸ்ஸில் பாதிப் பேர் சிரித்தார்கள். கண்டக்டர் சிரிக்கவில்லை. பொன்னேரியில் முதல் ஆளாக அவளை இறங்கச் சொன்னார்.

இறங்கிய கோபத்தில், கேனில் மிச்சமிருந்ததைப் பஸ் நிலையத்துச் சாக்கடையில் கவிழ்த்தாள். வெற்றுக் கேனோடு நின்றபோதுதான் விமலின் குரல் நினைவுக்கு வந்தது. அவன் எதற்கும் கெஞ்சுகிறவன் இல்லை, அன்றைக்குக் கெஞ்சினான். திரும்பிப் போய் எடுத்து வரப் பொழுது போதாது. குழாயடிக்குப் போய்க் கேனை நிரப்பினாள். பெட்டிக்கடையில் ஒரு பாக்கெட் கல்லுப்பு வாங்கிக் கொட்டிக் குலுக்கினாள். விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். இன்னும் ஒரு பிடி போடலாம் போலிருந்தது, போட்டாள். காலடியில் கிடந்த மண்ணில் ஒரு சிட்டிகை எடுத்துக் கலக்கினாள். நிறமும் வந்தது. படித்த படிப்புக்கு இதுதான் முதல் பலன் என்று நினைத்துத் தனக்குள் சிரித்துக்கொண்டாள். உப்புத்தண்ணீர் எங்கிருந்து வந்தால் என்ன.

விமல் இப்போது வேலை பார்க்கிற ஆலந்தாங்கல் நீர்த்தேக்கத்துக்கு ஷேர் ஆட்டோவில் போய் இறங்கினாள். வெள்ளத்தடுப்புக்கும் மக்கள் பொழுதுபோக்குக்கும் என்று வாசல் வளைவில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. யார் வீட்டுக்கு வெள்ளம் வராமல் தடுக்க என்று எழுதவில்லை. மழைக்காலத்தில் இங்கே பிடித்து வைக்கிற தண்ணீரைப் பிடிக்க முடியாமல் போகிற அன்றைக்கு மதகைத் தூக்கிவிடுவார்கள். அது ஆற்றோடு வந்து பழவேற்காட்டு ஏரியில்தான் விழும். ஒரே ராத்திரியில் ஏரி செந்நிறமாகும், உப்பு செத்துப்போகும், நண்டும் இறாலும் வெள்ளை வயிற்றைக் காட்டிக் கரை ஒதுங்கும். ஐப்பசியில் அப்படித்தான் ஆனது. எங்கிருந்தோ வருகிற சனியன் என்று திட்டிய தண்ணீரின் சொந்த வீட்டுக்கு இப்போது வந்து நிற்கிறாள்.

கரைமேல் ஏறிப் பார்த்தாள். பார்த்ததும் பிடிக்கவில்லை. பழவேற்காட்டு ஏரி ஒரு இடத்தில் நிற்காது. முகத்துவாரம் வழியாகக் கடல் வரும், போகும், தண்ணீர் ஏறும், இறங்கும். தூங்குகிறவன் வயிறு மாதிரி. இது ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. நாற்றம் இல்லை. கொக்குகூட இல்லை. பூங்காவில் ஆயிரம் பேர் கத்துகிறார்கள், ஒலிபெருக்கியில் பாட்டு, தாடை உடைந்த சிமெண்ட் டைனோசர்மேல் பிள்ளைகள், மரத்தடிக்கு மரத்தடி பிரியாணிப் பொட்டலம். அத்தனை சத்தமும் தண்ணீர் விளிம்பு வரைக்கும் போய் அங்கேயே நின்றுவிட்டது. அதற்கு அப்பால் ஒன்றும் இல்லை.

படகுத்துறை என்பது காற்றடைத்த நீலப் பிளாஸ்டிக் பெட்டிகளை வரிசையாகக் கோத்துத் தண்ணீர்மேல் போட்ட நடைபாதை. அதன் கோடியில் விமல் குந்தியிருந்தான். அன்னப்பறவை மாதிரி செய்த மிதிபடகுகளைத் தள்ளிவிடுவதும் இழுத்துக் கட்டுவதும் அவன் வேலை. கடைசியாகப் பார்த்ததைவிட இளைத்திருந்தான். முகத்தில் கன்னமே இல்லை. அக்காவைப் பார்க்கவில்லை, கேனைத்தான் பார்த்தான்.

"நம்ம தொறையிலதான எடுத்த?"

"பின்ன. கெளம்புடா, துணிமணி எடுத்துக்கினு வா. காலைல சீட்டு."

வருகிறேன், ஆனால் ஒரு வேலை இருக்கிறது, அதை முடித்துவிட்டால் இந்தப் பக்கமே திரும்பிப் பார்க்க மாட்டேன் என்றான். பிறகு முகவாயை அசைத்து ஒரு படகைக் காட்டினான். "நாலாம் நம்பரப் பாரு. நான் ஒண்ணும் சொல்லல. நீயே பாரு."

ஜமுனா பார்த்தாள். மற்ற அன்னங்களெல்லாம் பயணிகளோடு தண்ணீரில் சுற்றிக்கொண்டிருந்தன. நாலாம் நம்பர் மட்டும் கட்டிக் கிடந்தது. கழுத்தில் பெயிண்ட் உரிந்து, ஒரு கண் அழிந்த அன்னம். ஒவ்வொரு படகின் வயிற்றிலும் சுற்றி ஒரு சிவப்புக் கோடு போட்டிருந்தார்கள். ஆளில்லாத படகில் அந்தக் கோடு தண்ணீருக்குமேல் ஒரு சாண் தெரிய வேண்டும். நாலாம் நம்பரின் இடப்பக்கம் கோடு தண்ணீருக்குள் இருந்தது.

படகைப் பார்த்தே அதில் எத்தனை பேர் என்று சொல்வது குப்பத்துப் பிள்ளைகளின் விளையாட்டு. இருட்டில் வருகிற படகைப் பார்த்து, நைனாவோடு யார் வருகிறார்கள் என்று சின்ன வயசில் ஜமுனாவே சொல்லியிருக்கிறாள். இப்போது அவள் வாயில் வந்த விடையை வெளியே விடவில்லை.

"ஓட்டையாயிருக்கும்," என்றாள்.

அவிழ்த்து மேலே ஏற்றி, கவிழ்த்து, காயவைத்துப் பார்த்தாயிற்று என்றான். தரையில் தூக்கினால் மற்ற படகு கனம்தான். தண்ணீரில் விட்டதும் இடப்பக்கம் உட்கார்ந்துகொள்கிறது. அந்தப் பக்கம் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று அவன் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை.

தனசேகர். திட்டுக்குப்பத்தில் இவர்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி. விமலை இந்த வேலைக்குக் கூட்டி வந்ததே அவன்தான். ஐப்பசி மழையில் காணாமல் போனான். முந்தின நாளே சம்பளம் வாங்கிக்கொண்டு சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டான் என்று படகுக் குத்தகைக்காரர் சொன்னார். அதை நம்பிய ஒரே ஆள் அவன் பெண்டாட்டி சுதா. ஓடிப்போனவன் என்றால் எங்கேயாவது உயிரோடு இருப்பான் அல்லவா. தாலியைக் கழற்ற மாட்டேன் என்று உட்கார்ந்திருக்கிறாள்.

நடந்ததை விமல் தண்ணீரைப் பார்த்தபடியே சொன்னான். அன்றைக்கு மழை விடவே இல்லை. மதகைத் தூக்கப்போகிறார்கள் என்று பேச்சு வந்ததும், கட்டு அவிழ்ந்து ஓடிய அன்னங்களை இழுத்து வரச் சொல்லி இவர்கள் இரண்டு பேரையும் நாலாம் நம்பரில் அனுப்பினார் குத்தகைக்காரர். உடுப்பு கேட்டதற்கு, மிதக்கிற உடுப்பெல்லாம் சுற்றுலா வருகிறவர்களுக்கு என்றார். மேற்குக் கரையோரம் ஆகாயத்தாமரையில் படகு சிக்கியது. கரை கைக்கு எட்டுகிற தூரம். தள்ளிவிட்டால் போய்விடும்.

"எறங்குனான்க்கா. நாம எறங்க மாட்டமா, அத்த மாதிரி. பேசிக்கினே எறங்குனான். சத்தம்கூட வர்ல. தண்ணி மூடிக்கிச்சி."

பழவேற்காட்டில் யாரும் ஆழம் பார்த்து இறங்குவதில்லை. எங்கே இறங்கினாலும் இடுப்பு, மிஞ்சினால் மார்பு. படகு தட்டினால் இறங்கு, தள்ளு, ஏறு. தூக்கத்தில்கூட அந்தக் கால் அப்படித்தான் இறங்கும். இங்கே கரையோரம் சாலை போட மண் அள்ளிய குழி, பனைமர ஆழத்துக்கு. அது எந்தப் பலகையிலும் இல்லை. ஆழமான பகுதி என்ற பலகை ஐஸ்கிரீம் கடைக்குப் பக்கத்தில், முழங்கால் தண்ணீருக்கு முன்னால் நட்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் மதகைத் தூக்கினார்கள். ஊதவேண்டிய சங்கை ஊதவில்லை. உடம்பு குழிக்குள் கிடக்கிறதா, மதகு வழியாகப் போய்விட்டதா என்று யாருக்கும் தெரியாது.

"போலீசுல சொன்னியாடா?"

சொன்னான். முந்தின நாளே வேலையை விட்டுப் போனவன் எப்படி மறுநாள் இறந்துபோவான் என்று கேட்டு அனுப்பிவிட்டார்களாம்.

ஜமுனாவுக்குக் குத்தகைக்காரர் ஆபீஸ் அறைக்குப் போய் நாலு கேள்வி கேட்க வேண்டும் போலிருந்தது. கேட்டிருப்பாள். அதற்குள் விமல் கேனின் மூடியைத் தடவிக்கொண்டே தனக்கு என்ன வேண்டும் என்பதைச் சொன்னான்.

குப்பத்தில் தண்ணீரில் இறந்தவன் அந்நியக் கரையில் இறங்க மாட்டான். அவன் போன படகைச் சொந்தத் துறைக்குக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். கரையில் நிற்கிற ஒருத்தி, பெண்டாட்டியோ தாயோ, யாரும் இல்லாவிட்டால் ஊர்ப்பெண் ஒருத்தி, அந்தத் துறைத் தண்ணீரையே அள்ளிப் படகின் தலைமாட்டில் ஊற்றி, கரை வந்துவிட்டது, இறங்கு என்று சொல்வாள். அதற்குக் கரை சொல்வது என்று பேர். சொன்ன பிறகுதான் வலையை எடுப்பார்கள், மீனை எடுப்பார்கள், அழுவார்கள். கூடப் படகில் இருந்தவன் கரை சொல்லக் கூடாது. அன்னப்படகை ஊருக்கு எடுத்துப்போக வழியில்லை. அதனால் ஊரைக் கேனில் கொண்டுவரச் சொல்லியிருக்கிறான்.

"சுதாண்ணி சொல்ல மாட்டாங்க. அம்மா பயந்துடும். நீதான் சொல்லணும். அவன இங்க வுட்டுட்டு நான் மட்டும் வந்து சீட்டு எடுக்க முடியாதுக்கா. எந்தப் பய வந்தாலும் அவன் மடியில ஒக்காந்து மிதிக்கிறான்."

அவன் சொல்லி வாய் மூடவில்லை, இரண்டு பையன்கள் டிக்கெட்டோடு வந்து நாலாம் நம்பரில் ஏறினார்கள். கொஞ்ச தூரம் போவதற்குள் வியர்த்துவிட்டது அவர்களுக்கு. "மச்சான், இன்னாடா துன்ன பொங்கலுக்கு, போட்டு நகர மாட்டுது," என்று வலப்பக்கம் இருந்தவன் கத்தினான். நான் காலையிலிருந்து டீதான் குடித்தேன் என்றான் மற்றவன். படகு இடப்பக்கமாகவே வட்டம் போட்டது. மேற்குக் கரைப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வட்டம் போட்டது. விமல் கயிறு வீசி அவர்களை இழுத்து வந்தான்.

ஜமுனா ஒரு முடிவுக்கு வந்தாள். இதெல்லாம் உண்மையா இல்லையா என்று பட்டிமன்றம் நடத்த அவள் வரவில்லை. தம்பி கூட வர வேண்டும், காலையில் கையை நீட்ட வேண்டும். அதற்கு நாலு சொல் சொல்ல வேண்டுமென்றால் சொல்லிவிட்டுப் போகலாம். கேனில் இருப்பது எந்தத் தண்ணீர் என்பது ஒரு கணம் தொண்டையில் வந்து நின்றது. விழுங்கிவிட்டாள்.

வெயில் சாய்ந்ததும் கரைமேல் சங்கு ஊதியது. பூங்கா மூடுகிற நேரமாம். மதகு தூக்கும்போது ஊதாத சங்கு ஐஸ்கிரீம் கடை மூட நன்றாகவே ஊதியது. சனம் பாயைச் சுருட்டிக்கொண்டு, பிள்ளைகளை எண்ணிக்கொண்டு கிளம்பியது. பாட்டு நின்றது. அதன் பிறகு அந்தத் தண்ணீருக்குப் பக்கத்தில் இருப்பது சாத்திய கதவுக்குப் பக்கத்தில் இருப்பது போலிருந்தது.

நடைபாதையின் கோடியில், நாலாம் நம்பரின் தலைமாட்டுக்கு நேரே, விமல் அவளைக் கரைப்பக்கம் தள்ளி நிறுத்தினான். கேனைத் திறந்து உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றி வாயில் வைத்தான். அவன் கண் நிறைந்துவிட்டது. "நம்ம தண்ணி," என்றான்.

அவள் கேனைச் சாய்த்தாள். அன்னத்தின் மார்பில் வழிந்து தண்ணீர் இறங்கியது.

"தனசேகரண்ணா. கரை வந்துட்ச்சி. எறங்கு."

ஒன்றும் ஆகவில்லை. ஆகாது என்பது தெரிந்ததுதான் என்று அவள் கேனைக் கீழே வைக்கப் போனாள். அப்போது படகின் இடப்பக்கம் எழுந்தது. மெல்ல, ஒரு ஆள் முழங்காலில் கை ஊன்றி எழுந்திருக்கிற நிதானத்தில். சிவப்புக் கோடு சொட்டச் சொட்ட மேலே வந்தது. படகு லேசாகி, காற்றே இல்லாமல் ஒரு சுற்று திரும்பிக்கொண்டது.

விமல் முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். அதனால் மற்றதை அவன் பார்க்கவில்லை. நடைபாதையின் கோடிப் பெட்டி ஒரு விரற்கடை தண்ணீருக்குள் அமுங்கியது. பிறகு அது எழும்பி, அடுத்த பெட்டி அமுங்கியது. அது எழும்பி அதற்கடுத்தது. தடுமாற்றமான நடை, இது நம் துறைதானா என்று கால் வைத்துப் பார்க்கிற நடை. அவள் நின்ற பெட்டி வரைக்கும் வந்தது. அவளோடு சேர்ந்து அந்தப் பெட்டி அமுங்கியது. செருப்புக்குள் தண்ணீர் ஏறியது.

அவள் நகரவில்லை. எதிரே ஒன்றுமே இல்லை. இறால் நாற்றம் மட்டும் வந்தது. பஸ்ஸில் அந்தப் பெண் மூக்கைப் பொத்திய அதே நாற்றம். இந்தத் தடவை அது ஜமுனாவுக்கே தெரிந்தது.

விமலின் பைக்கில் கிளம்பினார்கள். அவள் ஏறுவதற்கு முன்பே வண்டியின் பின்பக்கம் இறங்கியிருந்தது. ஏறிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். முதுகுக்குப் பின்னால் இடம் இருந்தும் சாய்ந்து உட்கார மனம் வரவில்லை. ரவிக்கையின் முதுகு கொஞ்சம் கொஞ்சமாக ஈரமானது. வழியெல்லாம் விமல் பேசினான். தனசேகர் இறங்கிவிட்டான், இனி நிம்மதி. வலையைச் சீர்செய்ய வேண்டும், படகுக்குத் தார் பூச வேண்டும், அம்மாவிடம் சொல்லிக் கருவாட்டுக்குழம்பு வைக்கச் சொல்ல வேண்டும். பழைய விமல். அவள் உம் கொட்டினாள்.

பொன்னேரி தாண்டி வண்டி இழுக்கவில்லை என்று ஒரு பஞ்சர் கடையில் நிறுத்தினான். கடைக்காரர் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தி டயரை அமுக்கிப் பார்த்தார். காற்று சரியாகத்தான் இருக்கிறது என்றார். தலையைத் தூக்காமலே, "மூணு பேரு ஏறுனா வண்டி இன்னா பண்ணும். யாராவது ஒருத்தர் பஸ்ஸுல வாங்க," என்றார்.

விமல் சிரித்தான். கணக்குத் தெரியாத ஆள் என்று நினைத்திருப்பான். ஜமுனா அந்த ஆள் குந்தியிருந்த உயரத்தைப் பார்த்தாள். அங்கிருந்து அவருக்கு மண்ணில் நிற்கிற கால்கள்தான் தெரியும்.

துறைக்கு வந்து சேர்ந்தபோது மேற்கே கொஞ்சம் வெளிச்சம் மிச்சமிருந்தது. விமல் அம்மாவைக் கூப்பிட்டுக்கொண்டே வீட்டுக்கு ஓடினான். ஜமுனா ஏரியில் இறங்கினாள். இரண்டு கையாலும் அள்ளினாள். இறாலும் சேறும் மணக்கிற தண்ணீர், சாக்கடையில் கவிழ்த்துவிட்டு வந்த தண்ணீர். வண்டியின் முன்சக்கரத்தில் ஊற்றினாள்.

"கரை வந்துட்ச்சிண்ணா. இதுதான் நெஜம். எறங்கு."

வண்டியின் பின்பக்கம் எழுந்தது. அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தாள். முடியவில்லை. மேட்டு மணலில் ஒரு தடமும் விழவில்லை. நாலு வீடு தள்ளி சுதா விளக்குப் போட்டுக்கொண்டு வாசலிலேயே நின்றிருந்தாள். அந்தப் பக்கம் ஒரு நாய்கூடத் திரும்பவில்லை. தண்ணீர் ஓரத்தில் கட்டிக் கிடந்த இவர்கள் படகு, நைனாவின் படகு, லேசாக ஆடியது. இடப்பக்கம் தாழ்ந்தது. தாழ்ந்தபடியே நின்றது.

ஒரு தடவை பொய்க்கரை சொன்னால் அடுத்த கரையைத் தனசேகர் ஏன் நம்ப வேண்டும். அவனுக்கு அது இன்னொரு கேன். படகில் உட்கார்ந்துகொண்டு, தானாகப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம் என்று இருந்துவிட்டான்.

காலையில் கோயில் வாசலில் விமல் குளித்து வெள்ளை வேட்டி கட்டி நின்றான். சீட்டை எடுத்தான். முகத்துவாரத்துப் பாடு. குப்பத்திலேயே நல்ல பாடு. பெரியவர்கள் முதுகில் தட்டினார்கள். அம்மா காந்தா கோயிலைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, வந்து ஜமுனாவின் கன்னத்தைத் தடவினாள். தம்பியைப் பிடித்து வந்து வீட்டைக் காப்பாற்றிவிட்டாயே என்றாள். அதுவும் உண்மைதான்.

அன்றிலிருந்து விமல் முகத்துவாரத்துக்கு வலை கட்டப் போகிறான். தனியாகத்தான் போகிறான். போகிற படகைப் பார்த்தால் குப்பத்துப் பிள்ளைகள் இரண்டு பேர் என்பார்கள். ரொம்ப நாள் சும்மா கிடந்ததால் பலகை தண்ணீர் குடித்திருக்கிறது, வெயிலில் ஏற்றிக் காயவைத்தால் சரியாகிவிடும் என்று விமல் எல்லோரிடமும் சொல்கிறான். ஏற்றிக் காயவைக்கவும் செய்தான். மற்றவர்கள் வெறும் வலையோடு வருகிற அன்றைக்கும் அவன் வலையில் இறால் இருக்கிறது. சுதாவுக்கு ஒரு பங்கு கொடுத்துவிடு என்று ஜமுனா சொன்னாள். ஏன் என்று அவன் கேட்கவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டதுதான் அவளை உறுத்துகிறது.

உறுத்துவது இன்னொன்றும் இருக்கிறது. படகு துறைக்கு வந்ததும் மற்றவர்கள் தொப்பென்று குதிக்கிறார்கள், பேசிக்கொண்டே, பின்பக்கம் பார்த்துக்கொண்டே. விமல் குதிப்பதில்லை. முட்டளவுத் தண்ணீரில், பிறந்ததிலிருந்து குதித்த துறையில், படகுக்குள் காலை மடக்கி உட்கார்ந்திருக்கிறான். ஜமுனா ஜெராக்ஸ் கடைக்குப் போகிற புடவையோடு வந்து கரையில் நிற்கும்வரை உட்கார்ந்திருக்கிறான்.

"கரைதானாக்கா?"

"கரைதான்டா. எறங்கு."

அவன் அவள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்க்கிறான். பிறகு ஒரு காலை மெதுவாக விட்டு, தரை தட்டுகிறதா என்று பார்த்து இறங்குகிறான்.

படகின் இடப்பக்கம் எழுவதில்லை.